கூட்டி ரெண்டாலை பிரிச்ச குளிர்

...அதெல்லாம் சும்மா கதை தம்பி! குளிர் எண்டால் குளிர், வெய்யில் எண்டால் வெய்யில். அடியிலை ஒண்டு, உச்சியிலை இன்னொண்டு, பத்து நிமிசத்திலை ரெண்டும் மாறி... அதென்ன மலை? ஒரு ஒழுங்குமுறை வேண்டாமோ? இருங்கோ, இருங்கோ, பாதர் இன்னும் வரேல்லை. நீங்கள் மாப்பிள்ளை பகுதியோ?... ஓ, றெக்ஸோடை சென்ட் லோரன்ட் பக்டறியிலை வேலையோ! நல்லது. நான் செபஸ்தியாம்பிள்ளை. பொம்பிளை றெபேக்கான்ரை தாய்மாமன்.

தாய்மாமன் ஏன் சேர்ச்சிலை கடைசி வாங்கிலை குந்தியிருக்கிறான் எண்டு பாக்கிறியள், என்ன? எல்லாம் அந்த ஸ்கீ மலையாலை வந்தது.

இப்ப எங்கடை ஆக்களுக்குக் கலியாணத்துக்கு முன்னமே ஒரு அல்பம் வேணுமெல்லோ! எல்லாரும் பூந்தோட்டம், ஆத்தங்கரை எண்டு எடுக்கினம். நான்தான் சொன்னன், வடக்கை ரெண்டு மணித்தியாலம் ஓடினால் மலை, ஏப்ரலிலையும் ஸ்னோ கிடக்கு, வெள்ளையிலை சிவப்புச் சீலை, மொன்றியலிலை ஒருத்தரிட்டையும் இல்லாத படமாயிருக்கும் எண்டு. நல்ல யோசினைதானே? சொல்லுங்கோவன்!... ம்.

வெதர் பாக்காமல் போகேல்லை தம்பி. ஊரிலை இருபத்திரண்டு வருசம் கணக்குப் படிப்பிச்சவன் நான். மலைக்காரர் ரெண்டு இலக்கம் போடுவினம். அடியிலை பிளஸ் ஆறு. உச்சியிலை, காத்தோடை, மைனஸ் பதினாறு. கூட்டி ரெண்டாலை பிரியுங்கோ பாப்பம்? மைனஸ் அஞ்சு! மைனஸ் அஞ்சுக்கு எங்கடை பக்கத்து வீட்டு அம்புறோஸ் சாரத்தோடை மூலைக்கடை டெப்பனருக்குப் பால் வாங்கப் போறவர். அதுவும் ஒரு குளிரே?... சிரிக்காதையுங்கோ. கணக்குச் சரி. மலைதான் பிழை.

போய் இறங்கினால் நல்ல வெய்யில்! ஸ்னோ உருகி ஓடுது. வெள்ளைக்காரப் பெடியள் ரீசேட்டோடை நிண்டு கோப்பி குடிக்கிறாங்கள். பேந்தென்ன? பொம்பிளை, மாப்பிள்ளை, படம்பிடிக்கிற அன்டன், மூண்டு பேரையும் கேபிள் பெட்டியிலை ஏத்தி உச்சிக்கு அனுப்பினன். எனக்கு உயரம் ஒத்துவராது, தலை சுத்தும். போய்ப் பத்து நிமிசமில்லை, மேலை முகில் மூடிப்போட்டுது. காத்தெண்டால் அப்பிடிக் காத்தாம்! கேபிளை நிப்பாட்டிப் போட்டாங்கள். முக்கால் மணித்தியாலம்! உள்ளுக்கை போய் நிக்கலாமெண்டால் திறந்திருந்தது ஒரு சின்ன மரக்கொட்டிலாம், கதவும் சாத்துப்படாதாம்.

இப்ப பிள்ளைக்குக் காது ரெண்டும் வீங்கித் தோடு போடேலாது. றெக்ஸுக்குத் தொண்டை போயிட்டுது. வாக்குக் குடுக்கேக்கை மைக்கை வாய்க்குள்ளை வைச்சாலும் கேக்காது. அதுக்கு நான் என்ன செய்ய? காத்தை நானே அனுப்பினனான்?

தேப்பன் இல்லாத பிள்ளை தம்பி. மாமாதான் என்னைப் பீடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும் எண்டு ஏழு வயசிலை சொன்னவள். அதுக்கெண்டே இந்தக் கோட்டுத் தைச்சனான். முந்தநாள் தாய்க்காரி, என்ரை தங்கச்சி அக்னெஸ் போன் எடுத்து, பிள்ளையை நானே கூட்டிக்கொண்டு வாறன், நீங்கள் சும்மா இருங்கோ அண்ணை எண்டிட்டாள். பிள்ளை ஒரு வார்த்தை கதைக்கேல்லை. நெஞ்சு நொந்து போச்சுது எனக்கு. ஒரு குளிருக்கு இவ்வளவு கோவமோ?

என்ன?... ஜக்கெட்டோ? ஓம், கொண்டு போனவைதான். நல்ல தடிப்புக் குளிர் ஜக்கெட்டு.

இல்லைத் தம்பி... ஜக்கெட்டுக்கு மேலாலை சீலை தெரியுமே? கையிலை இருந்தால் போட்டிடுவினம் எண்டு, பெட்டியிலை ஏறேக்கை நான்தான் வாங்கி வைச்சனான். மூண்டையும். மடியிலை வைச்சுக்கொண்டு கீழை வாங்கிலை இருந்தனான்.

கேபிள் நிக்கிறதுக்கு முன்னம் அவள் மேலையிருந்து போன் எடுத்தவள். "மாமா, விறைக்குது, ஜக்கெட்டை அடுத்த பெட்டியிலை போட்டு விடுங்கோ" எண்டாள். பல்லு அடிபடுற சத்தம் எனக்குக் கேட்டது.

"பிள்ளை, விளையாடாதை, இஞ்சை நல்ல வெய்யில்" எண்டு சொல்லிப்போட்டுப் போனை வைச்சிட்டன்.