நூற்று நாற்பது கட்டைவிரல்

— ஆஸ்பத்திரியில கருத்துக் கேக்குற கூட்டம் முடிஞ்சு மூணு மணி நேரமாச்சுண்ணா. இப்பதான் வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கிறே, எத்தனை பேர் வந்தாங்கன்னு என்னையே கேக்குறே.

— இந்தா பாரு, அந்த ஆஸ்பத்திரி நர்ஸு நீ. கூட்டம் நடந்த எடத்துலயே நின்னவ. உன்னைக் கேக்காம வேற யாரைக் கேப்பேன்? நூறு பேர் தேறுமா?

— ஒருத்தர்.

— விளையாடாத பாப்பா. ‘ஆஸ்பத்திரிய மூட விடக் கூடாது, எல்லாரும் வாங்க’ன்னு தெரு வாட்ஸப் குழுவுல போட்டேன். அஞ்சே நிமிஷம். நூத்திநாப்பது பேர் கட்டைவிரலத் தூக்கிட்டாங்க.

— விரலு வந்துச்சு, ஆளு வரல. ‘ஆட்சேபணை: ஒன்று’ன்னு அதிகாரி எழுதிட்டுப் போயிட்டாரு. இந்த மாசக் கடைசியோட மூடுறாங்க.

— மாடி வீட்டு டெய்லர் கூடவா வரல? அவர் வீட்டுல ஃபியூஸ் போனா பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓடுறவன் நான்.

— வர்ற வழியில கேட்டேன். இத்தனை பேர்ல நான் ஒருத்தன் போகலன்னா என்னன்னு நெனச்சாராம். பேப்பர் கடைக்காரரும் அதேதான் சொன்னாரு.

— மனுஷங்களா இவங்க?

— நீ ஏன் வரலண்ணா?

— நானா? நான் தெருச் சங்கச் செயலாளர். எல்லாரையும் கூப்பிட்டதே நான்தானே. இந்தா பாரு, அவசரமா ஒரு மோட்டார் வேலை வந்துருச்சு. அதான் அத்தனை பேர் போறாங்களேன்னு...

— சரிதான்.

— நீயாவது நாலு வார்த்தை பேசியிருக்கலாம்.

— வேலை பாக்குறவங்க வாயத் திறக்கக் கூடாதுன்னு நேத்தே எழுதி வாங்கிட்டாங்க. உனக்கு எட்டு தடவை போன் அடிச்சேன்.

— கட்டைவிரலா வந்து குமியுதேன்னு சத்தத்தை அணைச்சு வச்சிருந்தேன்.

— மெதுவாப் பேசு. அப்பா இப்பதான் கண்ணசந்தாரு.

— அவர் கால் புண்ணுக்கு இனிமே தினமும் எங்க கூட்டிட்டுப் போய்க் கட்டுப் போடுறது? பஸ் படி ஏற மாட்டாரே. வயித்தெரிச்சலா இருக்கு பாப்பா. வந்த அந்தப் புண்ணியவான் யாரு? சொல்லு, போய் கால்ல விழுறேன்.

— அப்பாதான். சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சுத் தனியா நடந்து வந்தாரு, வந்து சேந்தப்ப கட்டெல்லாம் ரத்தம். ‘எம் பையன் தெருவையே கூட்டிட்டு வர்றான், கொஞ்சம் பொறுங்க’ன்னு, கூட்டம் முடிஞ்சு கதவைப் பூட்ட வந்தவனைக் கூட உக்கார வச்சுட்டாருண்ணா.