ஏழாவது கிண்ணம்

தேநீரில் சீனி சற்றுக் கூடிவிட்டது போலும். பொறுத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. தனித்து வாழ்பவனுக்குப் பிறருடைய நாவின் அளவு பிடிபடுவதில்லை. தாங்கள் தேடி வந்த கிண்ணம் அதோ, அலுமாரியின் மேல் இருக்கிறது. ஸெய்னுதீனின் மனைவி பல்கீஸ் எனக்குத் தேநீர் வைப்பதற்காகக் குசினிக்குள் சென்றிருந்த வேளையில் அதனை எடுத்துப் பன்புல் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். வந்தபின் தேநீர் அருந்தாமல் புறப்பட்டுவிட்டோமே என்றுதான் சற்று வருந்தினேன்.

முறைப்பாடு செய்தவர் அவர் அல்லர் என்பதையும் அறிவேன். ஹொக்கிச் சங்கச் செயலாளர் இரத்தினசிங்கம் செய்திருப்பார். பல்கீஸ் என்ன சொன்னார் என்று கேட்கலாமா? "மாஸ்டர் மினுக்கித் தரத்தான் கொண்டுபோயிருப்பார், அவரில குற்றம் எழுதாதீங்க," என்றாரா? அப்படியா. ஸெய்னுதீனும் அப்படிப்பட்டவர்தான்.

தாங்கள் இவ்வூருக்குப் புதியவர். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

நாற்பத்தெட்டுக்குப் பின்னர் வெள்ளையர் ஒவ்வொருவராகப் போனார்கள். ஹொக்கியை விட்டுவிட்டுப் போனார்கள். கடற்படைத் தளத்திலும் சீனன்குடா விமானத் தளத்திலும் அவர்கள் ஆடிய ஆட்டத்தை நாங்கள் பற்றிக்கொண்டோம். நான் ஆசிரியர் அணியில் ஆடினேன். ஸெய்னுதீன் கிண்ணியாவிலிருந்து வள்ளத்தில் வந்து துறைமுகப் பட்டறையில் வேலை செய்தார். பட்டறை அணியில் ஆடினார். எங்கள் அணியில் என்னைத் தவிர ஓடத் தெரிந்தவர் இருவரோ மூவரோதான். பட்டறை அணியிலோ பதினொருவரும் இரும்பு தூக்கிய தோள்களை உடையவர்கள். ஆண்டுதோறும் மாவட்டத்தில் அதிகமான கோல்களை அடித்தவன் நான். ஆண்டுதோறும் கிண்ணத்தை வென்றவர்கள் அவர்கள்.

பருவம் முடிந்ததும் சங்கத்தார் கூடி, மாவட்டத்து ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்துவார்கள். முதல் இடத்தவர் கொழும்புக்குச் சென்று தேசியத் தெரிவில் ஆடலாம். ஒவ்வோர் ஆண்டும் ஸெய்னுதீனுக்கு முதலிடமும் எனக்கு இரண்டாம் இடமும் கிடைத்தன. கொழும்பு மைதானத்தை நான் இன்றுவரை மிதித்ததில்லை.

"மாஸ்டரிட்ட விளையாட்டு இருக்குது, இல்லையெண்டு சொல்லேல்ல," என்பார் இரத்தினசிங்கம். "ஆனா கிண்ணம் எத்தினை? கோல் அடிச்சுத் தோற்கிற ஆளை நான் என்னெண்டு முதலாம் ஆளெண்டு போடுறது?"

பதினொருவர் சேர்ந்து வென்றதை ஒருவருடைய கணக்கில் எழுதுவது எவ்வகை அளவை என்று நான் அமைதியாகக் கேட்டேன். ஒரு வகுப்பு முழுவதும் சித்தியடைந்தால் அதிலுள்ள மந்தமான மாணவனும் மேதையாகிவிடுவானா? சங்கத்தார் சிரித்தார்கள். ஸெய்னுதீனும் சிரித்தார்.

"மாஸ்டர், கோல் எல்லாம் உங்கட, கிண்ணம் எல்லாம் எங்கட. பங்கு சரிதானே!"

பின்னர் வெளியே வந்து என் தோளில் கைபோட்டார். "கோவிக்காதீங்க. நீங்க கோலை எண்ணலாம். நான் பந்தைக் கையால நிப்பாட்டிக் குடுக்கிறன், மற்றவன் அடிக்கிறான். கிண்ணத்தையும் எண்ணாட்டி, நான் என்ன செய்தனான் எண்டு ஆருக்கு மாஸ்டர் தெரியும்?"

அந்தக் கையின் பாரத்தை நெடுநாள் உணர்ந்தேன்.

அவருடைய தனித்திறமையை விளக்கிவிடுகிறேன். பின்னர் நிகழ்ந்ததற்கு அது வேண்டும். எதிரணியின் பிழைக்கு ஷோர்ட் கோர்னர் என்னும் தண்ட அடி கிடைக்கும்போது, எல்லைக்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிடுவார். வட்டத்தின் விளிம்பில் இன்னொருவர் குனிந்து அதனைக் கையால் நிறுத்துவார். மூன்றாமவர் ஓங்கி அடிப்பார். அக்கால விதி கையால் நிறுத்த இடங்கொடுத்தது. ஸெய்னுதீன் முழந்தாளிட்டு, முகத்தைத் தரையோடு வைத்து, எத்தகைய பந்தையும் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் நிறுத்துவார். நிறுத்திவிட்டுச் சிரிப்பார்.

இனி என் பங்கு. அறுபதுகளில் புதிய பந்துகள் கொழும்பிலிருந்து வருவது அரிதாயிற்று. பழையவற்றைப் பிரித்து, தக்கையைத் திருத்தி, தோலை மீண்டும் தைத்து, வெள்ளைப் பூச்சுப் பூசுவது என் பொறுப்பு. மாவட்டம் முழுவதும் என் தையலில்தான் ஆடியது.

அறுபத்து நான்காம் ஆண்டு எங்கள் அணி வழக்கம்போல் முன்னதாகவே தோற்று வெளியேறியது. இறுதியாட்டத்துக்கு முந்திய வாரம் பட்டறை அணியின் பயிற்சிக்கு உதவ முன்வந்தேன். நல்ல மனம் என்று பாராட்டினார்கள். அதற்கு முன்னரே கட்டைபறிச்சானிலுள்ள மீனவர் ஒருவரிடம் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள் சிலவற்றை வாங்கி, ஒரு பந்தின் தக்கையைக் குடைந்து உள்ளே செலுத்தித் தைத்திருந்தேன். என் தையல்களுள் அதுவே மிகச் சிறந்தது. கண்ணால் வேறுபாடு காண ஏலாது.

அவ்வாரத்தில் ஒரு மாலை பயிற்சி முடிந்து மற்றவர்கள் கலைந்தார்கள். கோட்டைப் பக்கத்து மான்கள் இரண்டு எல்லைக்கோட்டருகே புல் மேய்ந்துகொண்டிருந்தன. ஸெய்னுதீன் மட்டும் முழந்தாளிலிருந்து எழவில்லை.

"இன்னும் ஒண்டு அடியுங்க மாஸ்டர், வள்ளம் போறதுக்கு முந்தி. பலமா அடிக்கவேணும், ஓம்? வாத்தியார் அடி வேணாம்."

பையிலிருந்து அந்தப் பந்தை எடுத்துவைத்தேன். அடித்தேன். அது அவருடைய நெற்றிப்பொட்டில் பட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லும் வழியில் அவருக்கு நினைவிருந்தது. "மாஸ்டர்ல பிழையில்ல. கல்லில பட்டு எழும்பின பந்து," என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அதனையே யாவரும் நம்பினர். மூன்றாம் நாள் உயிர் பிரிந்தது. கிண்ணியாவில் அடக்கம் செய்தார்கள். நான் வெளியே தலைகுனிந்து நின்றேன். பந்தைப் பிரித்து ஈயத்தைக் கடலில் எறிந்தேன். தோல் நன்றாயிருந்தமையால் புதுத் தக்கை வைத்துத் தைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் மாவட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பருவத்தின் நடுவில் ஓர் ஆட்டக்காரர் காயமுற்றால், தோற்று வெளியேறிய அணியிலிருந்து ஒருவரைக் கடனாக வாங்கலாம். இரத்தினசிங்கம் என் வீடு தேடி வந்தார்.

"ஸெய்னுதீன்ட இடத்தில நீங்கள்தான் நிக்கவேணும் மாஸ்டர். அவரும் அதைத்தான் விரும்பியிருப்பார்."

நான் எதிர்பார்த்திருந்த அழைப்பு அது. அவர் இல்லாமலும் அந்த அணி வெல்லுமாயின், கிண்ணங்கள் அவருடையவை அல்ல என்பது ஐயமின்றி நிறுவப்பட்டுவிடும் அன்றோ? கையில் கறுப்புப் பட்டி கட்டி ஆடினேன். வென்றோம். ஒரே கோல், அதனை அடித்தவன் நான்.

ஆனால் அவ்வழக்கத்துக்கு இன்னொரு பாதியும் உண்டு. கடனாக வந்தவன் பெறும் வெற்றி, அவன் எவருக்குப் பதிலாக நின்றானோ அவருக்கே சேரும். இறந்தவருக்கும் அது பொருந்தும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. என் கணக்கில் நேர்ந்த பிழை அது ஒன்றே. ஏழாவது கிண்ணமும் ஸெய்னுதீனுக்கே என்று கூட்டம் முழங்கிற்று. வழக்கமாகச் சங்கத்தில் இருக்கும் கிண்ணத்தை அம்முறை பல்கீஸிடம் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டுக்குப் புதிதொன்று செய்வித்தார்கள். கொடுக்கும்போது அதன் ஒரு காதை என்னைப் பிடிக்கச் செய்தார்கள்.

பதினான்கு ஆண்டுகள் பொறுத்தேன். சென்ற மாதம் சங்கத்தார் சுதந்திரத்துக்குப் பிந்திய சிறந்த ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்தினார்கள். முதலாவது, ஸெய்னுதீன், ஏழு கிண்ணங்கள். இரண்டாவது, குஞ்சித்தம்பி மாஸ்டர், கிண்ணம் இல்லை. செத்தவரையும் என்னால் முந்த முடியவில்லை. ஆகவே கிண்ணியாவுக்குச் சென்றேன்.

தாங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள். அவருடைய கையை நசுக்கவே எண்ணினேன் என்று இத்தனை ஆண்டுகளும் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது சரியன்று. கை தரையில் இருந்தது. கைதான் நோக்கமாயின் பந்தை உயர்த்தி அடித்திருக்க வேண்டியதில்லை. மைதானத்தில் அந்த இடத்தில் கல்லும் இல்லை. அன்று பயிற்சிக்கு முன்னர் நானே பொறுக்கி அகற்றியிருந்தேன். குறி தவறாமல் அடிப்பதில் மாவட்டத்தில் எனக்கு நிகர் எவருமில்லை என்பதை இரத்தினசிங்கமே ஒப்புவார்.

இதனைப் பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். அளவை தவறாயிருந்தது, திருத்த முயன்றேன். கிண்ணங்களைக் கொண்டு ஒரு மனிதனை மதிப்பிடலாகாது என்பதே இன்றும் என் கொள்கை.

சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன், போகலாம். கிண்ணத்தைத் தாங்களே எடுங்கள். காதைப் பிடித்துத் தூக்காமல் இரு கைகளாலும் தூக்குங்கள், ஐயா. அது நான் வென்றது. என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.