கடைசித் தாளில் ஒன்பது கையெழுத்து

— முதுகு கொல்லுது, மதுஜா. விடிய நாலரைக்கு எழும்பி ஆஸ்பத்திரியில மூண்டு மாடி துடைச்சிட்டு வந்திருக்கிறன். புத்தகத்தைச் சும்மாதானே தாறன். பிறகேன் விசாரணை?

— சும்மா தந்தாலும் ஆர் ஆரின்ர கையில இருந்ததெண்டு நூலகத்துக்கு நான் எழுதிக் குடுக்கோணும், அங்கிள். அல்ஸோ, இந்த நாவல் வேற ஒரு இடத்திலயும் அம்பிடேல்லை. நாளைக்கு ஆரும் வந்து களவுப் புத்தகமெண்டால் என்ர வேலை போகும்.

— களவோ? முதல் தாளைப் பாரும். ‘ச. பாலசிங்கம், புங்குடுதீவு, 1984.’ என்ர சுவிஸ் வதிவிட பெர்மிட்டிலயும் அதே பேர்தான்.

— கடைசித் தாளையும் பாத்தனான். ஒன்பது கையெழுத்து கிடக்கு.

— அது அகதி முகாமில, தொண்ணூற்றொண்டில. வேலைக்கு விடமாட்டாங்கள். அறை முழுக்கப் பெடியள், வாசிக்க ஒரே ஒரு புத்தகம். இரவல் வாங்கினவன் வாசிச்சு முடிச்சுப் பேர் போட்டுத்தான் மற்றவனிட்டைக் குடுப்பான். இல்லாட்டி அடிபாடு, கண்டீரோ.

— இரவல் வாங்கினவை மட்டுமோ?

— ஓம். புத்தகக்காரன் ஏன் போடப்போறான்?

— அப்ப ஆறாவதா பாலசிங்கம் எண்டு கிடக்கே. உங்கட புத்தகத்தை நீங்களே இரவல் வாங்கினனீங்களோ?

— தேத்தண்ணி ஆறுது. குடியும்.

— அங்கிள், முதல் தாளின்ர எழுத்து வேற. இப்ப படிவத்தில நீங்கள் வைச்ச கையெழுத்து கடைசித் தாளோடதான் ஒத்துப்போகுது. முதல் தாளில எழுதினது ஆர்?

— அதை எழுதினீரெண்டால் என்ர பெர்மிட் போயிடும்.

— நான் இன்னும் ஒண்டும் எழுதேல்லை. ஆர்?

— பாலசிங்கம். இத்தாலிப் பக்கத்தால பனிக்குள்ள நடந்து வரேக்க செத்துப்போனான். அவனிட்ட அடையாள அட்டை, ஆமி பிடிச்சு வைச்சிருந்து விட்டதுக்கான கடிதம் எல்லாம் இருந்தது. என்னட்ட ஒரு துண்டுத்தாளும் இல்லை. பையோட அவன்ர பேரையும் எடுத்துக்கொண்டு நடந்தன். புத்தகம் பைக்குள்ள கிடந்தது.

— பிறகேன் இரவல்காரரோட பேர் போட்டனீங்கள்?

— வாசிச்சு முடிய, கை தானா போட்டுட்டுது. எனக்கு அது அவன்ர புத்தகம்தானே.

— உங்கட பேர்?

— தில்லைநாதன். இந்த நாட்டில ஒருத்தருக்கும் நான் அதைச் சொன்னதில்லை.

— அவருக்குச் சொந்தமெண்டு ஆரும் இருக்கினமோ?

— தமக்கை இருக்கிறா, இஞ்ச சுவிஸிலயே, லா ஷோ-து-ஃபோனில. தம்பி எங்கயோ உயிரோட இருக்கிறானெண்டு ஒவ்வொரு வருசமும் திருவிழாவில அர்ச்சனை செய்யிறா. ஐயர் அவன்ர பேரும் நட்சத்திரமும் சொல்லேக்க நான் பின்னுக்கு நிண்டு கும்பிட்டிருக்கிறன். அவவுக்கு நான் ஒரு சாவுச் சேதி கடன், பிள்ளை.