மீதி விசில்

— நாளைக்குக் காலையில வண்டி வந்துடும்டா. அப்பா துணியெல்லாம் பெட்டியில வச்சாச்சு. நீ வந்து இறங்கினதும் இறங்காததுமா முகத்தைத் தூக்கி வச்சுக்காதே.

— நான் ஒண்ணும் சொல்லலையே அக்கா.

— சொல்லலைதான். சமையக்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டு என் முதுகையே பாக்கறியே, அதுக்கு என்ன அர்த்தம்? பெத்தவரைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்துல தள்ளறா பாவின்னுதானே?

— சரி விடு. அங்க அவருக்குப் பழகுமான்னு யோசிச்சேன். அவ்வளவுதான்.

— கேளு கதையை. இங்க மட்டும் பழகிடுச்சாக்கும்? காலையில டீ கொண்டுபோய்க் குடுத்தா, "ரொம்ப நன்றிங்க நர்சம்மா"ங்கறாரு. குளிப்பாட்டப் போனா கூசிக்கிட்டு ஒதுங்கறாரு, வேற ஆம்பளை ஆள் இல்லையான்னு கேக்கறாரு. நான் உங்க பொண்ணுப்பான்னு சொன்னா, பைத்தியத்துக்கிட்ட மாட்டிக்கிட்டவன் மாதிரி ஒரு தலையாட்டு. இப்பெல்லாம் நர்சம்மான்னு கூப்பிட்டா நான் ஏன்னு கேக்கறதே இல்ல. எனக்கும் ரோஷம் இருக்குல்ல?

— வியாதிக்காரர்கிட்ட என்னக்கா ரோஷம்?

— நீ பேசுவே. வருஷக்கணக்கா எட்டிப் பாக்காம இருந்துட்டு நேத்து வந்தே. கேட்டுல நின்னு உன் விசிலை அடிச்சே. "சின்னவன் வந்துட்டான்"னு செருப்புகூடப் போடாம ஓடி வந்தாரு. உன் முகத்தை நிமிந்து பாக்கக்கூட இல்ல, கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. எனக்கு வயிறு எரிஞ்சுதுடா. மறைக்க என்ன இருக்கு?

— முகமெல்லாம் அவருக்குப் போயிடுச்சுன்னு டாக்டர்தான் சொல்லிட்டாரே. கண்ணாடியில தன்னையே பாத்து, "வாங்க, உக்காருங்க"ங்கறாரு. விசில்தான் மிச்சம் இருக்கு. நீயும் உன்னோடதை அடிச்சுப் பாத்திருக்கலாம்ல?

— ஞாபகம் இல்லடா.

— எது?

— என் விசில். ஆளுக்கொண்ணு வச்சிருந்தாருன்னு தெரியும். வீட்டை ஒட்டித் தறிக்கூடம், அந்தச் சத்தத்துல பேர் சொல்லிக் கூப்பிட்டா பக்கத்துல நிக்கறவனுக்கே கேக்காது. அதனால விசில். அவர் பாதி அடிப்பாரு, நாம மீதியை அடிச்சுக்கிட்டே ஓடி வரணும். வந்தது நம்ம புள்ளைதான்னு தெரிஞ்ச அப்புறம்தான் திரும்பத் தறிக்குப் போவாரு. இதெல்லாம் நேத்து நடந்த மாதிரி தெரியுது. மெட்டு மட்டும் வரல. படுத்துக்கிட்டு யோசிச்சேன், துணி மடிக்கும்போது யோசிச்சேன். உன்னோடதுதான் வந்து வாயில நிக்குது.

— நீயா மறந்தே? டெலிபோன் ஆபீஸ்ல வேலை பாக்கும்போது, எதிர்ப்பக்கம் "ஹலோ" சொல்லி முடிக்கறதுக்குள்ள ஆள் யாருன்னு சொல்லிடுவியே.

— அது அந்தக் காலம். இப்போ டிவியில பழைய பாட்டு ஏதாவது போட்டா, எங்கயோ கேட்டிருக்கேன், எங்கேன்னு தெரியல. யார்கிட்டயும் சொல்லிக்கல. அவருக்கு முகம் போச்சு, எனக்குப் பாட்டு போகுதோன்னு பயமா இருக்குடா.

— அவர்கிட்டயே கேட்டிருக்கலாமே.

— கேக்காம இருப்பேனா? "உங்க பெரிய பொண்ணை எப்படி விசில் அடிச்சுக் கூப்பிடுவீங்க"ன்னு கேட்டேன். "அது வீட்டு விஷயம்மா, வெளியாள்கிட்ட சொல்றதில்ல"ன்னுட்டாரு. அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன். எப்படியும் நான் வெளியாள்தான். வெளியாள் பாக்கற வேலையை வெளியாளே பாத்துக்கட்டும்.

— சரி விடு. எழுந்துட்டாரு போல. விசில் சத்தம் கேக்குது.

— ஆமா. மத்தியானம் தூங்கி எழுந்தா ஜன்னல்ல நின்னுக்கிட்டு இதே வேலை. பக்கத்து வீட்டுப் பையன் ராத்திரி ஷிஃப்டு முடிச்சுட்டுப் பகல்லதான் தூங்கறான். அவங்கம்மா வந்து மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டுப் போனாங்க. இரு, போய் வாயை மூடச் சொல்லிட்டு வரேன்.

— அக்கா, கொஞ்சம் நில்லு. இதையா தினமும் அடிக்கறாரு?

— தினமும் இதேதான். ஏதோ கிறுக்கு மெட்டு. அதையும் முழுசா அடிக்கறதில்ல, அரைகுறையா நிறுத்திடுவாரு. அப்புறம் மொதல்லேருந்து ஆரம்பிப்பாரு.

— அரைகுறை இல்லக்கா. பாதி. யாராவது மீதியை அடிப்பாங்களான்னு நிறுத்திப் பாக்கறாரு.

— என்னடா சொல்றே?

— நீ ஸ்கூல் விட்டு வர லேட்டானா வாசல்ல நின்னு இதைத்தான் அடிப்பாரு. நான் அவர் காலைக் கட்டிக்கிட்டு நிப்பேன். இப்போ காதுல விழுந்ததும்தான் எனக்கே ஞாபகம் வந்துச்சு.

— சும்மா இரு. என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றே.

— வா, அவரையே கேப்போம். அப்பா, யாரைக் கூப்பிடறீங்க?

— பெரியவளைத்தான்டா. இன்னும் வீடு வந்து சேரல. நானும் தினமும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இந்த நர்சம்மா தங்கமானவங்கதான், குறை சொல்லக்கூடாது. விசில் அடிச்சா மட்டும் ஓடி வந்து வாயை மூடுங்கறாங்க. கோவிச்சுக்காதீங்கம்மா, உள்ளதைச் சொன்னேன்.

— அக்கா. அக்கா, இங்க பாரு. அப்புறம் அழுதுக்கலாம். மீதியை அடி.

— எனக்குத் தெரியலையேடா. நீ சொல்லிக் குடு.

— அப்பாவோட பாதிதான் எனக்குத் தெரியும். நீ தெருமுனையிலேருந்து அடிச்சுக்கிட்டு வருவே, அந்தத் தறிச் சத்தத்துல எனக்கு எங்க கேட்டுது? அவர் காதுக்குத்தான் கேக்கும். யோசிக்காதே, வாயைக் குவிச்சு ஊது. தானா வரும்.

— இந்தப் பல் செட்டு வேற தடுக்குது. அப்பா, இப்படியா? இருங்க, சரியா வரல. இன்னொரு தடவை. இப்படியா?

— அது என் சின்னப் பையனோடதும்மா.

— எனக்கு இது ஒண்ணுதான் வருதுப்பா.

— பரவால்ல, அழாதீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்? அவ வந்தா சரியா முடிப்பா. ஏம்மா, நாளைக்கு என்னை எங்கயோ கூட்டிக்கிட்டுப் போறதாச் சொன்னீங்களே, அதைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாமா? நான் பாட்டுக்குக் கிளம்பிப் போயிட்டா, அவ வந்து யாருக்கு மீதியை அடிப்பா?

— சரிங்க ஐயா. அவ வர்ற வரைக்கும் நர்சம்மா இங்கயேதான் இருப்பேன். நீங்க அடிங்க.