விண்ணாங்குப் பிடி

…அதைத்தான் தம்பி நானும் சொல்லுறன், மூண்டாந்தரம் வந்திட்டியள். நீர்வேலியிலையிருந்து சைக்கிள் உழக்கி, இந்த வெய்யிலுக்கை! இருங்கோ. ஐயோ, அந்தக் கதிரையிலை இல்லை, அதிலை போத்தில் ஓடு கிடக்கு. ஓம், கதிரையிலைதான். இந்த வீட்டிலை வேறை எங்கை கிடக்கும்? போத்திலை உடைச்சு, அந்த ஓட்டாலைதான் எங்கடை மனிசன் கோடாலிப் பிடியைச் சுரண்டி வழுவழுப்பாக்கிறவர். இஞ்சாலை இருங்கோ.

உங்கடை கோடாலி இன்னும் முடியேல்லைத்தான். தலை முடிஞ்சுது. இந்தா, பாருங்கோ… முகம் பாக்கலாம் என்ன? நீங்கள் கொண்டரேக்கை கறல் பிடிச்சு, கிணத்தடிக் கல்லு மாதிரி எல்லோ இருந்தது. ரெண்டு நாள் வினாகிரிக்கை ஊறப்போட்டவர். எதுக்கை ஊறப்போட்டவர் எண்டு கேளுங்கோ. என்ரை ஊறுகாய்ப் பரணிக்கை! தேசிக்காய் எடுப்பம் எண்டு கையை விட்டால்… கோதாரி, கோடாலி வருது!

முப்பது வரியம் கச்சேரியிலை அரசாங்கப் பேனை பிடிச்ச கை தம்பி. பென்சன் எடுத்தாப் பிறகு மற்ற ஆம்பிளையள் கோயில், வாசிகசாலை எண்டு போவினம். எங்கடை பஞ்சலிங்கத்தார் பழைய இரும்புக் கடையிலை நிண்டு கோடாலி பொறுக்கிறார். பிடிக்குப் பூச, நான் தலைக்கு வைக்கிற எண்ணெய். "நாயகி, மரம் குடிக்கிற குடியைப் பாரடி" எண்டு பூரிப்பு வேறை. கலியாணம் கட்டின முப்பத்தாறு வரியத்திலை என்ரை தலை எண்ணெய் கண்டுதோ எண்டு ஒரு நாள் கேட்டிருப்பாரே?

நேரமாகுதோ? இப்ப வந்திடுவினம். ஓம், ரெண்டு பேர். அவரும் பக்கத்து வீட்டுச் சீவரத்தினம் அண்ணையும். ஒன்பது நாளா ஆளையாள் முகம் பாக்காமல் இருந்தவை. எல்லாம் உங்கடை கோடாலியாலை வந்தது. இல்லை இல்லை, உங்களைக் குறை சொல்லேல்லை…

உங்கடை கோடாலிக்கெண்டு ஒரு விண்ணாங்குத் தடி வைச்சிருந்தவர். வன்னிக் காட்டு வைர மரம், ஆரோ கொண்டந்து குடுத்தது. பச்சை மரத்திலை பிடி போட்டால் பேந்து சுருங்கி, கொத்தேக்கை தலை கழண்டு பறக்குமாம். அதுக்காக எட்டு மாதம் காயவிட்டு, சீவி, சுரண்டி, எண்ணெய் குடுத்து… பெத்த பிள்ளையளை அப்பிடித் தடவியிருக்க மாட்டார். சீவரத்தினம் அண்ணை ஒரு வெள்ளிக்கிழமை வந்து, அதைக் கையிலை வாங்கிப் பாத்து, "பஞ்சு, இப்பிடியொண்டு எனக்கும் வேணுமடா" எண்டவர். ஞாயிற்றுக்கிழமை பாத்தால் பிடியைக் காணேல்லை. திங்கக்கிழமை பாத்தால் சீவரத்தினம் அண்ணை புதுப்பிடி போட்ட கோடாலியாலை வேலிக்கரையிலை நிண்டு விறகு கொத்துறார்!

பேந்தென்ன? "கள்ளன்" எண்டு சொல்லிப்போட்டார் தம்பி. வேலிக்கு மேலாலை, றோட்டாலை போற சனமெல்லாம் கேக்க. "என்ரை வளவு வேம்பிலை வெட்டினதடா" எண்டு அந்தாள் தலையிலை அடிச்சுச் சொன்னது. கேட்டால்தானே. இவருக்கு நெஞ்சு நோ வந்த அண்டு, ஆட்டோ வரப் பிந்துதெண்டு, தன்ரை சைக்கிள் பாரிலை இருத்தி மானிப்பாய் ஆசுப்பத்திரிக்கு உழக்கின மனிசன் அது!

ரெண்டு வீட்டுக்கும் ஒரு பேப்பர்தான். இவர் வாசிச்சுப்போட்டுப் பதினொரு மணிக்கு வேலிக்கு மேலாலை எறிவார். அந்தாள் வாசிச்சுப்போட்டு அங்காலை நிண்டு அரசாங்கத்தை ஏசும். இவர் இஞ்சாலை நிண்டு, ஏசினது காணாது எண்டு ஏசுவார். இந்த ஒன்பது நாளும் பேப்பர் மடிச்ச மடிப்புக் கலையாமல் மேசையிலை கிடந்தது. பிட்டைப் பிசைவார், பிசைவார், அப்பிடியே வைச்சிட்டு எழும்பிப் போவார்.

அப்ப பிடியை ஆர் எடுத்தது எண்டு கேக்கிறியள்… என்ன தம்பி, என்னை அப்பிடிப் பாக்கிறியள்?

காஸ் முடிஞ்சுபோச்சு. அந்த ஞாயிற்றுக்கிழமை விடிய. முதல் நாள் மழையிலை விறகெல்லாம் நனைஞ்சு, ஊத ஊதப் புகைதான் வருது. விறகுக்கை விறகா ஒண்டு காஞ்சு கிடந்தது, எடுத்து வைச்சிட்டன். எண்ணெய் குடிச்ச மரமெல்லோ, பத்திச்சுது பாருங்கோ… அவ்வளவு கெதியா ஒரு நாளும் இந்த வீட்டிலை பிட்டு அவிஞ்சதில்லை. அவரும் ருசி எண்டு ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டவர்! சாப்பிட்டு முடிச்சுக் கையைக் கழுவிப்போட்டுத்தான் பிடியைத் தேடத் துவங்கினவர். அப்ப எப்பிடிச் சொல்லுறது? நாளைக்குச் சொல்லுவம் எண்டு விட்டன். அடுத்த நாள் வேலிச்சண்டை வந்திட்டுது.

சரி, ஆறப்போட்டால் தன்பாட்டிலை அடங்கும் எண்டு பாத்தால், இண்டைக்கு விடிய… சீவரத்தினம் அண்ணை படலையைத் திறந்துகொண்டு வாறார். கையிலை, தன்ரை கோடாலியிலையிருந்து கழட்டின பிடி. "பஞ்சு, நான்தான் எடுத்தனான். இந்தா. இனியாவது கதையடா" எண்டார்.

எடுக்காத மனிசன் தம்பி! நான் தேத்தண்ணியும் கையுமா வாசலிலை நிக்கிறன். இவர் அதை வாங்கி உருட்டிப் பாத்தார். மூக்கிலை வைச்சு மணந்து பாத்தார். வேம்பு எண்டு நிண்ட இடத்திலை எனக்கே மணக்குது. இருட்டிலை தடவியே மரத்தின்ரை பேர் சொல்லுற ஆளுக்குத் தெரியாதே?

"ஓம்… இதுதான் என்ரை பிடி" எண்டார்.

ரெண்டு கிழடும் ஆளுக்காள் பொய்யைச் சொல்லிப்போட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வா, கோப்பாயிலை ஒரு மரக்காலையிலை விக்க நல்ல தடி வந்திருக்காம், ரெண்டு கோடாலிக்கும் பாத்துக்கொண்டு வருவம்" எண்டு, அண்ணையின்ரை கோடாலித் தலையையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிட்டினம். தேத்தண்ணியை ஒருத்தரும் கேக்கேல்லை. படலையடியிலை நிண்டு இவர் அடுப்படிப் பக்கம் ஒருக்காப் பாத்தார். பேந்து என்னைப் பாத்தார். சைக்கிளிலை ஏறினார். ஏசியிருந்தால் நானும் நாலு சொல்லுத் திருப்பிக் குடுத்திருப்பன். இது விடியத் துவங்கி எனக்கு ஒரு வாய் சோறு இறங்கேல்லை.

விறகுக்கை கிடந்தது எண்டு சொன்னன் என்ன?

…கிடக்கேல்லை தம்பி. அடுப்புக்கு மேலை கயித்திலை கட்டித் தொங்கவிட்டிருந்தது. கதிரை வைச்சு ஏறித்தான் எடுத்தனான். அதுக்கு முதல் நாள் ஒரு கலியாண வீடு. புதுச்சீலை உடுத்து, பூ வைச்சு, இவருக்கு முன்னாலை போய் நிண்டு "எப்பிடி இருக்கு?" எண்டு கேட்டன். "நல்ல வழுவழுப்பா வந்திட்டுது" எண்டார், பிடியைத் தடவிக்கொண்டு. தலையை நிமித்தேல்லை. எரிச்சல் வராதே? வந்தது. எரிச்சன்.

சிரிக்காதேங்கோ! உங்கடை பிடிதான் எரிஞ்சது.

எங்கை எழும்புறியள்? இருங்கோ, பிறத்தி ஆள் நிண்டால் அவர் சத்தம் போடமாட்டார். அதுக்குத்தானே இவ்வளவு நேரமும் உங்களைக் கதை குடுத்து இருத்தி வைச்சனான்… அந்தா, சைக்கிள் மணிச்சத்தம். ரெண்டு பேரும் வருகினம். பாருங்கோ, என்ன சிரிப்பு! பாதையிலையே பிடியைப் போட்டு ஆப்பும் அடிச்சிட்டினம் போலை, அண்ணையின்ரை கையிலை கோடாலி… தம்பி? தம்பி! அட, பின் படலையாலை… கோடாலித் தலையை விட்டிட்டெல்லோ போறியள்! உதென்ன ஓட்டம்?

ஓடிப்போட்டுது பிள்ளை.

சரி. வரட்டும்.

வாங்கோ அண்ணை, இருங்கோ. இஞ்சருங்கோ, நீங்களும் இருங்கோ. அந்த விண்ணாங்குப் பிடியைப் பற்றி உங்கள் ரெண்டு பேருக்கும் நான் ஒண்டு சொல்லவேணும். தேத்தண்ணி பேந்து குடிக்கலாம். ஓம், இப்பவே.

முதல்லை, உந்தக் கோடாலியைக் கீழை வையுங்கோ.