தோல் சீட்டில் இரண்டு குழிகள்

சைக்கிள் சீட்டு வாங்குபவர்களில் பெரும்பாலோர் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. சீட்டில் உட்காரப்போவது கட்டை விரல் அல்ல.

உட்காரும்போது நம் எடை இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. ஸ்பாஞ்சு சீட்டில் அந்த முனைகள் புதைந்துபோகும், சுற்றியுள்ள சதை நசுங்கும். நல்ல தோல் சீட்டு முதலில் பலகை போல இருக்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் அந்த முனைகள் பதிந்து இரண்டு குழிகள் விழும். அதன் பிறகு அது அந்த ஒருவருக்குத்தான் பொருந்தும். மேடம், இதை நீங்கள் எழுதிக்கொள்வது நல்லது. இது புரியாமல் மற்றது புரியாது.

என் மனைவி கவிநிலாவுக்கு அடி அண்ணாமலையில் ஒரு பள்ளியில் வேலை. எங்கள் வீடு வேங்கிக்காலில். கல்யாணமான புதிதில் அவளுக்கு ஒரு சைக்கிள் வாங்கினேன். சீட்டை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்தேன். முக்காலியில் அட்டைப்பெட்டியின் அட்டையை வைத்து, அவளை உட்காரச் சொல்லி, பதிந்த பள்ளங்களை அளந்தேன். அவள் சிரித்துக்கொண்டே இருந்ததால் மூன்று முறை அளக்க வேண்டியிருந்தது.

சைக்கிள் கடை அருணகிரி, "இந்த மாதிரி சீட்டு வெள்ளக்காரங்கதான் சார் கேப்பாங்க. வீட்டம்மாவுக்கு ஜெல் சீட்டு போட்டுக் குடுங்க, சொகுசா இருக்கும்" என்றார். எலும்பு முனைகளைப் பற்றி அவருக்கும் விளக்கினேன். "உங்க வீட்டம்மா, உங்க இஷ்டம்" என்று சொல்லி வரவழைத்துக் கொடுத்தார்.

முதல் வாரம் கவிநிலா, "பலகைல உக்காந்த மாதிரி இருக்குங்க" என்றாள்.

"ஆயிரம் கிலோமீட்டர் பொறுத்துக்கோ" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் குறை சொல்லவில்லை. ஞாயிறுதோறும் நான் சீட்டுக்கு மெழுகு தடவுவேன். குழிகள் மெல்ல ஆழமாகிக்கொண்டு வந்தன. "நல்லா வந்திருக்கு இல்ல?" என்று கேட்பேன். "ம்" என்பாள்.

இரண்டு வருடம் ஓடியது. போன ஐப்பசியில் டெங்கு வந்து ஐந்தாம் நாள் இறந்துபோனாள். புடவைகளை மாமியார் உறவுக்காரப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டார். அவை யாருக்கும் பொருந்தும், அதனால் நான் தடுக்கவில்லை. போட்டோவில் முகம் மட்டும்தான் இருக்கிறது. அவளுடைய எடை இருந்தது அந்தச் சீட்டில் மட்டும்தான்.

காரியம் முடிந்த மறுவாரம் அவள் தம்பி புகழேந்தி வந்தான். கூரியர் வேலை செய்பவன்.

"மாமா, வண்டி சும்மாதான நிக்குது? குடுங்க, வேலைக்கு எடுத்துக்கறேன்."

"அது உங்க அக்காவோடது."

"அக்காவோடதுதான். நான் என்ன கடிச்சா துன்னப் போறேன்?"

அவன் தொண்ணூறு கிலோ. அவன் உட்கார்ந்தால் நாற்பது நாளில் அவளுடைய குழிகள் அழிந்துவிடும். சொல்லிப் பார்த்தேன். வேறு சைக்கிள் வாங்கித் தருவதாகவும் சொன்னேன். "எனக்கு இதான் மாமா செட் ஆவுது" என்று ஏறி உட்கார்ந்தான். "அளவெடுத்த மாதிரி இருக்கு" என்று சிரித்தான். துக்க வீட்டில் அப்படிச் சிரிக்கக்கூடாது.

காலையில் எடுத்துப்போய் மாலையில் கொண்டுவந்து விடச் சொன்னேன். அதை ஒழுங்காகச் செய்தான். ஆனால் சீட்டு நாளுக்கு நாள் அவனுக்கே இசைந்துகொடுப்பது போலத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை மாலை சீட்டைக் கழற்றி பீரோவில் வைத்தேன். சைக்கிளில் இரும்புக் குழாய் மட்டும் நின்றது. அதன் முனையில் பிசிறு இருந்தது, கையைக் கிழிக்கும். அரத்தால் ராவினேன். ராவ ராவக் கூராகிக்கொண்டே போனது. ஒரு மணி நேரம் பிடித்தது. பிறகு சீட்டின் மழை உறையில் இலவம் பஞ்சைத் திணித்து, வடிவம் கெடாமல் குழாயின் மேல் மாட்டினேன். சீட்டு இல்லாத சைக்கிள் பார்க்க நன்றாக இருக்காது.

புகழேந்தி உறையைக் கழற்றாமலேயே உட்காருவான். நின்று ஏறமாட்டான். இடது காலைப் பெடலில் வைத்து, நாலு தவ்வு தவ்வி, மொத்த எடையோடு உட்காருவான். அது எனக்குத் தெரியும். மறுநாள் காலை வாசலில் நின்று, "பாத்துப் போ" என்றேன். "சரி மாமா" என்றான்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். உங்கள் ஸ்டேஷன் ஏட்டில் விபத்து என்று எழுதியிருக்கிறது. அது சரியல்ல, திருத்திக்கொள்ளுங்கள். நான்தான் கொன்றேன்.

எடுப்பு முடிந்து சுடுகாட்டிலிருந்து வந்து உட்கார்ந்தபோது மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ரெண்டு வருசமா அவன் ஓட்ன வண்டியே அவன காவு வாங்கிடுச்சே மாப்ள. கவி மொத வாரமே உக்கார முடியலன்னு வண்டிய எங்கூட்ல உட்டுட்டு பஸ்ல போவா. நாள் பூரா இவன்தான் ஓட்டுவான். சாயந்தரம் உங்க தெரு முக்கு வரைக்கும் தள்ளிகினே வந்து, அங்கேர்ந்து ஏறி வருவா. நீங்க பாத்துப் பாத்து வாங்கினது, சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு எங்க வாயயும் கட்டிட்டா."

அத்தை பொய் சொல்கிறவர் அல்ல. ஒரே வருடத்தில் இரண்டு பிள்ளைகளையும் இழந்தவருக்கு யார் எதை ஓட்டினார்கள் என்பது குழம்பத்தான் செய்யும். கவிநிலா என்னிடம் எதையும் மறைத்ததில்லை.

சீட்டை இந்தப் பையில் கொண்டுவந்திருக்கிறேன். வழக்குக்குத் தேவை என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். அரக்கு முத்திரை வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் கொடுத்தால் போதும், குழிகளில் கையை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். என் உள்ளங்கைகள் இரண்டும் அதில் தாராளமாக அடங்கும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தாள்.