சித்தி பார்த்துக் கொடுத்த ஸ்கேட்ஸ்

பழைய ஸ்கேட்ஸ் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் பிளேடைத்தான் பார்ப்பார்கள். பளபளவென்று இருந்தால் சந்தோஷம். பனியில் சறுக்குகிற காலணிதானே, பிளேடு நன்றாக இருந்தால் போதும் என்று நினைப்பு. எனக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போயிற்று. பிளேடை அப்புறம் பாருங்கள், முதலில் உள்ளே இருக்கிற அட்டையை எடுத்துவிட்டு அடித்தோலை அழுத்திப் பாருங்கள் என்பேன். பனி உருகித் தண்ணீர் இறங்குவது அங்கேதான். தோல் ஊறிப்போனால் பிளேடைப் பிடித்திருக்கிற திருகாணிக்குப் பிடிமானம் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நீங்கள் இதைக் கேட்கவில்லை, தெரியும். ஆனால் இது புரியாமல் மற்றது புரியாது, சார். கொஞ்சம் மெதுவாகவே சொல்கிறேன். களைப்பாக இருக்கிறது.

என் கடை சறுக்குத்தளத்தின் பின்வாசலை ஒட்டி இருக்கிறது. ஒரே அறை. சுவர் முழுக்க ஆணிகளில் ஸ்கேட்ஸ் ஜோடி ஜோடியாகத் தொங்கும். கால் வளர்ந்துவிட்ட பிள்ளைகள் கொண்டுவந்து கொடுப்பார்கள், வளர்ந்துகொண்டிருக்கிற பிள்ளைகள் வாங்கிப் போவார்கள். எந்நேரமும் ஈரக் காலுறை வாடை. அக்கா இறந்தபோது அவள் குழந்தையை அந்த அறைக்குத்தான் தூக்கி வந்தேன். ஒரு இடத்தில் உட்கார மாட்டாள், அதனால் குருவி என்று கூப்பிட்டோம். அதுவே நிலைத்துவிட்டது.

குருவிக்குச் சறுக்க வந்துவிட்டது. விடியும் முன்னால் அவளை எழுப்பி, தலை பின்னி, தளத்துக்கு அழைத்துப் போய், தடுப்புக்கு இந்தப் பக்கம் குளிரில் நின்று, பிறகு பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கடையைத் திறப்பேன். என்னைக் கட்டிக்கொள்ள ஒருவர் கேட்டார். நல்லவர். “இவ கொஞ்சம் வளரட்டும்” என்றேன். அவர் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் நாட்கள் எங்கே போயின என்று நீங்கள் கேட்டீர்கள், அதனால் சொன்னேன்.

போன குளிர்காலத்தில் அவளை ஒரு பனிநடனக் குழுவில் எடுத்துக்கொண்டார்கள். நாடு நாடாகப் போகிற குழு. கடைக்குள் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் சொன்னாள்.

“எப்ப திரும்பி வருவே?” என்றேன்.

“திரும்பியா? இனிமே அதுதானே சித்தி என் வேலை. லீவு கிடைச்சா வருவேன். நீங்க இனிமேலாவது உங்களுக்காக இருங்க. எனக்காக ஓடாத் தேஞ்சது போதும்.”

அன்புடன்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனபோது, எனக்காக இருப்பது என்றால் எந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்வது என்று எனக்கு விளங்கவில்லை.

அவளுடைய ஸ்கேட்ஸ் தளர்ந்துபோயிருந்தது. புதிதாக வாங்கலாமே என்று நான்தான் சொன்னேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். அவள்தான் வேண்டாம் என்றாள்.

“புதுசு காலுக்குப் பழகவே மாசக்கணக்காகும். நல்லாப் பழகின ஜோடியா நீங்களே பார்த்துக் குடுங்க சித்தி. உங்க கை பட்டுச்சுன்னா நான் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுக்குவேன்.”

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. ஊறிப்போன அடித்தோல் உள்ள ஜோடிகளை நான் விற்பதில்லை, மூலையில் ஒரு பெட்டியில் போட்டுவைப்பேன். அதிலிருந்து ஒன்றை எடுத்தேன். திருகாணி ஓட்டைகளில் பசை தடவித் தீக்குச்சிகளைச் சொருகி முறுக்கினேன். இறுகிவிட்டது. கையால் ஆட்டினால் அசையாது. ஓரத்தில் மெருகு பூசினேன். விழுந்தால் எவ்வளவு அடிபடும் என்று தெரியாமல் அப்படி ஒரு ஜோடியைக் குருவியிடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் முதலில் முடிதிருத்துகிறவருக்கு விற்றேன்.

தெருமுனையில் கடை வைத்திருக்கிறவர். உடம்பு இளைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் சறுக்கப் பழகிக்கொண்டிருந்தார். “நம்பி வாங்கலாமா அக்கா?” என்றார். “தாராளமா” என்றேன். சில நாளிலேயே ஒரு திருப்பத்தில் பிளேடு ஆடியது, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு மட்டும்தான். பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். “என் தப்புதான் அக்கா. காலைச் சரியா வைக்கத் தெரியல” என்றார். அந்த ஸ்கேட்ஸைச் சரிபார்த்துத் தருவதாகச் சொல்லி வாங்கி வந்துவிட்டேன். எலும்பு கூடிவிட்டது. கத்தரி பிடித்தால்தான் கை நடுங்குகிறதாம். இப்போது தம்பி முடி வெட்டுகிறான், இவர் துண்டு மடித்துக் கொடுக்கிறார். பார்த்தால் வணக்கம் சொல்லுவார்.

ஆக, பெரிய அடி ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். குருவிக்குக் கணுக்கால் சுளுக்கும். குழு கிளம்பிப் போய்விடும். அவள் வீட்டில் இருப்பாள். நான் நினைத்தது அவ்வளவுதான். முடிதிருத்துகிறவர் குதிக்கிறவர் இல்லை, குருவி குதிப்பாள். அதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

பெட்டியில் அவள் அளவுக்கு ஒரு ஜோடி இருந்தது. அதற்கும் அதே கைவேலை. போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நின்று பார்த்தாள். “எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு சித்தி” என்றாள். நான் குனிந்து கயிறு கட்டிவிட்டேன்.

நான் தடுப்புக்கு இந்தப் பக்கம், வழக்கமான இடத்தில்தான் நின்றிருந்தேன். இரண்டு முறை குதித்தாள், ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது முறை இறங்கும்போது பிளேடு தனியாகக் கழன்று ஓடியது. சமையலறையில் கரண்டி விழுகிற மாதிரி ஒரு சத்தம், அதற்குமேல் இல்லை. மல்லாக்க விழுந்தாள். நான் பனிமேல் வழுக்கி வழுக்கிப் போய்ச் சேர்ந்தபோது கண்ணைத் திறந்துதான் இருந்தாள்.

“சித்தி, என் கால் எங்க இருக்குன்னே தெரியலையே.”

“நான் இருக்கேன்ல” என்றேன்.

தளத்தில் பிளேடுகளுக்குச் சாணை பிடிக்கிற ஒருவர் உண்டு, அவர்தான் பிளேடைப் பொறுக்கி எடுத்தார். திருகாணியில் தீக்குச்சிச் சிம்பு ஒட்டியிருந்தது. என் கைவேலை அவருக்குத் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் சொன்னார், பிறகு ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் உள்ளே வரக்கூடாது என்று குருவி நர்ஸிடம் சொல்லியிருக்கிறாளாம். கோபம், இருக்கத்தான் செய்யும். கோபம் எத்தனை நாளைக்கு? அவளைத் தூக்கிக் குளிப்பாட்ட, புரட்டிப் படுக்கவைக்க வேறு யார் இருக்கிறார்கள்? முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதெல்லாம் ஆஸ்பத்திரியில் கவனிக்க மாட்டார்கள்.

சுளுக்கு மட்டும்தான் என்று நினைத்தேன் என்பதை நீங்கள் எழுதிக்கொண்டீர்களா? சரி.

இப்போது வீட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், அவள் கட்டிலை மாடியிலிருந்து கீழே இறக்கியது நான்தான். சக்கர நாற்காலி நுழைய வாசல்படியை இடித்துச் சரிவாகப் பூசச் சொன்னதும் நான்தான். கொத்தனார் சொன்ன தேதி சரிதான், அவர் பொய் சொல்கிறவர் இல்லை. சிமெண்டு காய நாள் பிடிக்குமே சார், அதனால்தான் அவள் விழுவதற்கு முந்தின வாரமே வேலையை முடித்து வைத்தேன்.